வியாழக்கிழமை எழுதின சனிக்கிழமை

எங்க பள்ளிக்கூடத் தாள்ல எந்த விழாவும் நடக்கிறதுக்கு முன்னாடியே சிறப்பா நடந்து முடிஞ்சிடும். சிரிக்காதீங்க. ஒன்பது வருஷமா அப்படித்தான் ஓட்டிக்கிட்டு இருந்தேன். நானேதான் பண்ணினேன், யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நாலு பக்கத் தாள், ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு. முதல் ரெண்டு பக்கம் பள்ளிக்கூடம்: எந்த வகுப்பு எங்க போய் மரம் நட்டுது, பேச்சுப் போட்டியில யாருக்குக் கோப்பை, அறிவியல் கண்காட்சியில யாரோட எரிமலை நிஜமாவே புகைஞ்சு மேஜையைக் கருக்கிச்சு, இப்படி. அடுத்த ரெண்டு பக்கம் ஊர்: யார் வீட்டுல குழந்தை பிறந்திருக்கு, யாரோட ஆடு காணோம், எந்த பஸ் இனிமே எத்தனை மணிக்கு. பேருதான் பள்ளிக்கூடத் தாள், ஊருக்கே இருந்த பத்திரிகை அது ஒண்ணுதான். செல்போன்ல ஆயிரம் வந்தாலும் தாள்ல வந்தாத்தான் நடந்த மாதிரின்னு நினைக்கிற ஜனங்க எங்க ஜனங்க.

நான் புவியியல் டீச்சர். எனக்கும் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கிறீங்களா? முன்னாடி இதைப் பார்த்துக்கிட்டிருந்த தமிழ் ஐயா ஓய்வு பெற்ற அன்னைக்கு, "அடுத்து யாரு?"ன்னு ஹெட்மாஸ்டர் கேட்டாரு. ஆசிரியர் அறையில இருந்த அத்தனை பேரும் குனிஞ்சு அவங்கவங்க செருப்பைப் பார்த்தாங்க. நான் மட்டும் கூறுகெட்டத்தனமா நிமிர்ந்து உக்காந்திருந்தேன், மாட்டிக்கிட்டேன். பசங்க எனக்கு வச்சிருக்கிற பேரு பட்டாசு. பத்த வைக்காமலே வெடிப்பேனாம். அந்தப் பட்டாசு அன்னைக்கு ஏன் வெடிக்கலைன்னு எனக்கு இன்னும் புரியல.

தாள் அச்சடிக்கிறது டவுன்ல, பஸ்ல ரெண்டு மணி நேரம். அந்த பிரஸ்காரர் இருக்காரே, அவரு பிடிச்ச பிடியை விட மாட்டாரு. வியாழக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்குள்ள மேட்டர் வரணும். ஒண்ணே காலுக்குப் போனா, "போங்க டீச்சர், அடுத்த வாரம் பார்க்கலாம்"னு ஷட்டரை இறக்கிடுவாரு. வெள்ளிக்கிழமை அடிப்பாரு. சனிக்கிழமை சாயங்கால பஸ்ல கட்டு வரும், டிரைவர் அதைப் பால் சொசைட்டி வாசல்ல போட்டுட்டுப் போவாரு. ஞாயித்துக்கிழமை காலையில பால் ஊத்த வர்றவங்க ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குவாங்க.

ஆனா பள்ளிக்கூடத்துல எந்த நிகழ்ச்சி வச்சாலும் சனிக்கிழமைதான் வைப்பாங்க. வியாழக்கிழமை மேட்டர், சனிக்கிழமை விழா. நான் என்ன பண்றது? நடந்து முடிஞ்சு பதினஞ்சு நாள் கழிச்சுப் போட்டா, "என்ன டீச்சர், ஊசிப்போன சமாசாரமா இருக்கு"ன்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லுவாங்க. அதனால முன்னாடியே எழுதிடுவேன். "மாணவர்கள் பெரும் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர்." கலந்துக்காம எங்க போயிடுவாங்க? "தலைமையாசிரியர் சிறப்புரை ஆற்றினார்." அவரு உரை ஆத்தாத நாள்னு ஒண்ணு இருக்கா? ஒரே ஒரு தடவை மரம் நடு விழாவுக்கு "இதமான வெயிலில்"னு எழுதிட்டேன், அன்னைக்குக் கொட்டின மழையில மரத்தோட சேர்த்து ஹெட்மாஸ்டரையும் இழுத்து எடுக்க வேண்டியதாப் போச்சு. தாளைப் படிச்சுட்டு, நான் கிண்டலுக்கு எழுதினேன்னு நினைச்சு ஊரே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். அப்பவே புத்தி வந்திருக்கணும் எனக்கு.

வருஷா வருஷம் நடக்கிற எட்டு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு அந்த மழைப் பயமும் கிடையாது, ஏன்னா அதுல ஜெயிக்கிறது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். வெட்டுக்கிளி. ஊரே அப்படித்தான் கூப்பிடும், தாள்லயும் அதே பேருதான். பன்னிரண்டாம் வகுப்புப் பையன், காலும் கையுமா இருப்பான், உடம்புல வேற ஒண்ணும் கிடையாது. வகுப்புல உக்காரவே மாட்டான், ஜன்னல் வழியாத் தாவிடுவான். எத்தனை தடவை காதைத் திருகியிருப்பேன்! நாலு வருஷமா அவன்தான் முதல். ரெண்டாவது வர்றவன் கண்ணுக்கே தெரியாத தூரத்துல வருவான். அதனால இந்த வருஷமும் கண்ணை மூடிக்கிட்டு எழுதினேன். போன வருஷம் அவன் கோப்பையோட நின்ன போட்டோவையே எடுத்து வச்சு, வியாழக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு பிரஸ்ல கொண்டுபோய்க் கொடுத்துட்டு, பெரிய சாதனை பண்ணின மாதிரி டீ குடிச்சுட்டு வந்தேன்.

சனிக்கிழமை காலையில ஏழு மணிக்கு ஓட்டம். பள்ளிக்கூட கேட்ல ஆரம்பிச்சு, கால்வாய்க் கரையோட போய், பாலத்தைச் சுத்தித் திரும்பி கேட்டுக்கே வரணும். பாலத்துக்கிட்ட தண்ணி கொடுக்கிற மேஜையில நான் இருந்தேன். வெட்டுக்கிளி வந்தான், தண்ணி வாங்கல, "இருக்கட்டும் டீச்சர், அப்புறம்"னு கையை ஆட்டிட்டுத் திரும்பி ஓடிட்டான். அவன் போய் எவ்வளவோ நேரம் கழிச்சுத்தான் ரெண்டாவது பையன் மூச்சிரைக்க வந்தான். நான் எல்லாருக்கும் தண்ணி கொடுத்து முடிச்சுட்டு, டம்ளரை எல்லாம் கழுவி வச்சுட்டு, மேட்டு ரோடு வழியா ஸ்கூட்டர்ல கேட்டுக்குப் போனேன்.

அங்க எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. கயித்தை அறுத்துக்கிட்டு முதல்ல வந்து நின்னது அந்த ரெண்டாவது பையன். ஹெட்மாஸ்டர் கோப்பையை அவன் கையில கொடுத்துட்டாரு. "எங்கடா வெட்டுக்கிளி?"ன்னு பி.டி. மாஸ்டர் கேட்டாரு. "எனக்கு முன்னாடிதானே சார் போனான்?"னு அவன் முழிச்சான். "எவன் தோட்டத்துலயாவது கொய்யா பறிச்சுக்கிட்டு இருப்பான் பாரு"ன்னு யாரோ சொல்ல, மறுபடியும் சிரிப்பு. நானும் சிரிச்சேன்னு சொல்றதுக்கு இப்போ வாய் கூசுது.

தேடிக்கிட்டுப் போனோம். கால்வாய்க் கரையில, நாணல் புதர் ஓரமா, ஒருக்களிச்சுப் படுத்திருந்தான். பாதையில இருந்து பத்தடி. அவனைத் தாண்டித்தான் அத்தனை பசங்களும் ஓடி வந்திருக்காங்க, ஒருத்தன் கண்ணுலயும் படல. ஓட்டத்துக்குன்னு வந்திருந்த நர்ஸம்மா நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தாங்க. வேன் வந்துச்சு. ஆஸ்பத்திரியில டாக்டர் கையைக் கழுவிட்டு வந்து, பிறவியிலேயே இதயத்துல ஏதோ கோளாறு, இத்தனை நாள் தெரியாம இருந்திருக்கு, ஓடலைன்னாலும் ஒரு நாள் இப்படி ஆகியிருக்கும்னாரு. எனக்கு அவரு பேசினது காதுலதான் விழுந்துச்சு, உள்ள இறங்கல. பதினேழு வயசுப் பையன்! அன்னைக்குக் காலையில என்னைப் பார்த்துக் கையை ஆட்டினவன்!

கோப்பையை வாங்கின பையனும் எங்களோடவே வேன்ல ஏறி வந்துட்டான். அதை எங்க வைக்கிறதுன்னு தெரியாம ஆஸ்பத்திரி பெஞ்சுல மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தான்.

வெட்டுக்கிளியோட அம்மா வந்தாங்க. மூணு மாடு வச்சுப் பால் ஊத்தறவங்க. வீட்டுக்காரர் எங்கயோ தூரத்துல கட்டட வேலை, அவரு கிளம்பி வர ரெண்டு நாள் ஆகும். அந்த அம்மா பையனைப் பார்த்தாங்க. வெளிய வந்தாங்க. என்கிட்ட வந்து, "ஷூ எங்க டீச்சர்?"னாங்க. "கடன் வாங்கிட்டு வந்த ஷூ அது. தொலைஞ்சா அந்தப் பையன் வீட்டுல திட்டுவாங்க." நான் ஓடிப் போய் அந்த ஷூவைத் தேடினேன். வேறென்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. உடம்பை மறுநாள் மத்தியானம்தான் கொடுப்போம்னுட்டாங்க. பையனோட மாமன்காரர் அங்கேயே இருந்துக்கிட்டாரு, அந்த அம்மாவை ரெண்டு பேர் சேர்ந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க.

இத்தனை நடந்துச்சே, தாள் ஞாபகம் எனக்கு வந்துச்சாங்கிறீங்களா? வரல. சத்தியமா வரல. ஞாயித்துக்கிழமை காலையில அடுப்புல டீத்தண்ணியை வச்சுட்டு அதையே பார்த்துக்கிட்டு நிக்கிறேன். தெருவுல பால் வண்டி ஹாரன் அடிச்சுக்கிட்டுப் போச்சு. பால். சொசைட்டி. ஞாயித்துக்கிழமை.

ஐயையோ, தாள்!

அடுப்பை அணைச்சேனா இல்லையான்னுகூடத் தெரியல, ஸ்கூட்டரை எடுத்துட்டேன். வழியெல்லாம் ஒரே ஒரு நினைப்பு: ஊர்ல யார் பார்த்தாலும் பார்க்கட்டும், எவ்வளவு காறித் துப்பினாலும் துப்பட்டும், அந்த அம்மா கண்ணுல மட்டும் அது பட்டுடக் கூடாது. புள்ள போய் ஒரு நாள்தான் ஆகுது, அவன் ஜெயிச்சான்னு போட்டோவோட போட்டிருக்கேனே, பாவி.

சொசைட்டியில பால் அளக்கிறவர் என்னைப் பார்த்ததும் கையில இருந்த அளவையைக் கீழ வச்சாரு. அளந்துக்கிட்டு இருக்கும்போது அவரு கையை நிறுத்தி நான் பார்த்ததே இல்லை.

"என்ன டீச்சர் இது?"ன்னாரு. தாளைத் தூக்கிக் காட்டினாரு. முதல் பக்கத்துல வெட்டுக்கிளி பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறான்.

"அண்ணே, எத்தனை போச்சு?"

"பாதிக்கு மேல போச்சு. விடிஞ்சதுல இருந்து ஆளாளுக்குக் கேக்கிறாங்க. இது நேத்து ஓட்டம்தானே, நேத்து சாயங்காலமே எப்படி அச்சாகி வந்துச்சுங்கிறாங்க. நான் என்னன்னு சொல்ல?"

"முன்னாடியே எழுதினதுண்ணே. எப்பவும் முன்னாடியே எழுதறதுதான்."

"எப்பவுமா?" மனுஷன் ஆடிப்போயிட்டாரு. வாயைத் திறந்தவர் மூடவே இல்லை. வரிசையில நின்ன ஏழெட்டுப் பேரும் என்னையே பார்த்தாங்க. ஏதாவது திட்டினாலாவது பரவாயில்லைன்னு இருந்துச்சு.

மிச்சம் இருந்த கட்டை ஸ்கூட்டர் டிக்கியில திணிச்சேன். அப்புறம் தெருத் தெருவாப் போனேன். என் வாழ்க்கையில அப்படி ஒரு காலை வந்ததில்லை, இனிமே வரவும் வேண்டாம். கதவைத் தட்டறது, "தாளைக் கொடுத்துடுங்க"ங்கிறது, வாங்கிக்கிட்டு அடுத்த வீடு. சில பேர் கேட்டதுமே நீட்டினாங்க. மாவு மில்காரர் பொண்டாட்டி, "உனக்கெல்லாம் படிச்ச மூளை எதுக்கு?"ன்னு வாசல்ல வச்சே கேட்டாங்க. கேக்கட்டும். வேற நாளா இருந்தா அந்த அம்மாவுக்கு ஒண்ணுக்கு நாலாத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்னைக்குத் தாளை வாங்கிக்கிட்டு நகர்ந்தேன்.

தையல்காரர் மட்டும் தாளை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு விடல. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க டீச்சர். போன மாசம் பேச்சுப் போட்டியில என் பொண்ணு பேசினதைப் போட்டிருந்தீங்களே, அதுவும் இப்படித்தானா?"

நான் தாளை லேசா இழுத்தேன்.

"அரங்கமே அதிரக் கைதட்டினாங்கன்னு போட்டிருந்துச்சு. எனக்கு அன்னைக்குக் காய்ச்சல், வர முடியல. அதை வெட்டி ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கேன்." மிஷினுக்கு மேல சுவத்தைக் காட்டினாரு. மாட்டித்தான் இருந்துச்சு. "கைதட்டினாங்களா, இல்லையா?"

மைக் வேலை செய்யல. அந்தப் பொண்ணு பேசினது முதல் ரெண்டு வரிசைக்குத்தான் கேட்டுச்சு. கைதட்டினாங்க, ஆனா அரங்கமெல்லாம் ஒண்ணும் அதிரல. "நல்லாப் பேசினாண்ணே"ன்னேன். அவரு என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே தாளை விட்டாரு. ஒன்பது வருஷம் இந்த ஊரு எதையெல்லாம் என் பேச்சை நம்பி ஃபிரேம் போட்டு வச்சிருக்கோ! அதுவரைக்கும் அதைப் பொய்னு நான் நினைச்சதே கிடையாது. நேரம் பத்தலைன்னுதான் நினைச்சேன்.

அந்தத் தெருவை முடிச்சுட்டுத் திரும்பறப்போ பால் அளக்கிறவர் சைக்கிள்ல எதிர்ல வந்தாரு. மூச்சு வாங்கிச்சு அவருக்கு. "டீச்சர், ஒண்ணைச் சொல்ல மறந்துட்டேன். அவங்க வீட்டுக்கும் ஒண்ணு போயிடுச்சு."

"எவங்க வீட்டுக்கு?"

"அந்த அம்மா வீட்டுக்குத்தான். பக்கத்து வீட்டுச் சின்னப் பொண்ணு பால் ஊத்த வந்தா. போட்டோவைப் பார்த்துட்டு, அண்ணன் படம் போட்டிருக்கு, அத்தைகிட்ட காட்டறேன்னு எடுத்துட்டு ஓடிட்டா. குழந்தை, அதுக்கு என்ன தெரியும்? நானும் கூட்டத்துல கவனிக்கல."

அதுக்கு மேல நான் நிக்கல, ஸ்கூட்டரை அவங்க வீட்டுப் பக்கம் திருப்பினேன்.

வீட்டு வாசல்ல நாலஞ்சு பேர் நாற்காலி போட்டு உக்காந்திருந்தாங்க. உள்ள அந்த அம்மா இல்லை. "பின்னாடி இருக்கா. யார் சொல்லியும் கேக்கல, மாட்டைக் கறந்துதான் ஆவேன்னுட்டா"ன்னாங்க. கொட்டகைக்குப் போனேன். முக்காலியில உக்காந்து, மாட்டு வயித்துல நெத்தியைச் சாய்ச்சு வச்சுக்கிட்டுக் கறந்துக்கிட்டு இருந்தாங்க. இடுப்புச் சொருவல்ல தாள் மடிச்சு இருந்துச்சு. போட்டோவுல அவனோட ஒரு கண்ணும் பாதிச் சிரிப்பும் மட்டும் வெளிய தெரிஞ்சுச்சு.

"அக்கா"ன்னேன்.

திரும்பல. "வாங்க டீச்சர். கறக்கலைன்னா மடி கட்டிக்கும், பாவம், வாயில்லாத ஜீவன். அதுக்குத் தெரியுமா?" பால் வாளியில சர்சர்னு விழுந்துக்கிட்டே இருந்துச்சு. "நல்லவேளை நீங்களே வந்தீங்க. தாள்ல அவனைப் பத்தி வந்திருக்காம். எனக்குப் படிக்கத் தெரியாதே. கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க." ஒரு கையால தாளை உருவிப் பின்னாடி நீட்டினாங்க.

வாங்கினேன். இவங்களுக்குப் படிக்கத் தெரியாது, தப்பிச்சோம்னு ஒரு கேவலமான நினைப்பு வந்துச்சு, மறைக்க மாட்டேன். வாயில வந்ததைச் சொல்ல ஆரம்பிச்சேன். "நம் பள்ளியின் அருமை மாணவர், அனைவரின் அன்புக்குரிய வெட்டுக்கிளி, சனிக்கிழமை காலை நம்மை ஆழ்ந்த துயரில் ஆழ்த்திவிட்டு..."

"அப்படி இல்லையே."

நான் நிறுத்தினேன்.

"பக்கத்து வீட்டுக் குட்டி வேற மாதிரி படிச்சா. எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிச்சா. முதலிடம் பிடித்தார்னு வந்ததும் அவளுக்கே பயம் வந்து அழுதுக்கிட்டு ஓடிட்டா. நீங்க எதைப் படிக்கிறீங்க?"

இதுக்கு மேல என்ன இருக்கு? மாட்டுக்கும் சுவத்துக்கும் நடுவுல, சாணித் தரையில அப்படியே குத்த வச்சு உக்காந்துட்டேன். எல்லாத்தையும் சொன்னேன். வியாழக்கிழமை, பிரஸ்காரர், சனிக்கிழமை, எல்லாம். "அவன்தான் ஜெயிப்பான்னு முன்னாடியே எழுதிட்டேன் அக்கா. என்னை அடிச்சுப் போடணும்னா அடிச்சுப் போடுங்க. இது பொய். இதைக் கிழிச்சுடறேன்."

கறக்கிற கை நிக்கல. "ஓடாத ஓட்டத்துக்கா எழுதினீங்க?"ன்னாங்க.

"ஆமாம்."

"ஜெயிப்பான்னு அவ்வளவு நிச்சயமா உங்களுக்கு?"

"எல்லாருக்குமே நிச்சயம்."

"அப்ப கிழிக்காதீங்க. முழுசாப் படிங்க. என்ன எழுதினீங்களோ அதைப் படிங்க."

படிச்சேன். நானே எழுதினதைப் படிக்க எனக்கு நாக்கு புரளல. இதமான காலை வேளையில்னு ஆரம்பிச்சு, மாணவர்கள் பெரும் ஆர்வத்துடன், ஊர்ப் பெரியவர்கள் கரவொலி எழுப்ப, தொடர்ந்து ஐந்தாவது ஆண்டாக நம் வெட்டுக்கிளி முதலிடம் பிடித்தார், தலைமையாசிரியர் கோப்பையை வழங்கினார், எல்லாம் படிச்சேன். ஒவ்வொரு வரியும் என் செவுள்ல அறைஞ்சுது. அடுத்த பத்திக்கு வந்தேன். வந்ததும் நிறுத்திட்டேன். அப்படி ஒரு பத்தி இருக்கிறதே எனக்கு மறந்து போயிருந்துச்சு.

ஜெயிச்சவங்க சொல்றதா ஒரு வரி போடறது வழக்கம். மத்தவங்களுக்கு நானே எழுதிடுவேன், "பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் நன்றி"ன்னு. வியாழக்கிழமை காலையில இடைவேளையில இவன் ஆசிரியர் அறை ஜன்னல்ல ஏறி உக்காந்துக்கிட்டு, "இந்தத் தடவை நானே சொல்றேன் டீச்சர், நீங்க எழுதறது எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கு"ன்னான். "இறங்குடா முதல்ல"ன்னு கத்திக்கிட்டே அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு எழுத்து மாத்தல. மாத்த நேரம் இல்லை, பிரஸ்ல ஷட்டர் இறக்கிடுவாரேன்னு அவசரம்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"அக்கா, இது அவன் சொன்னது. இது நான் எழுதினது இல்லை. இது நிஜம்."

"படிங்க."

"வெற்றி பற்றி வெட்டுக்கிளி கூறியதாவது: எல்லாரும் பி.டி. மாஸ்டர்தான் எனக்குப் பயிற்சி கொடுத்தார்னு நினைக்கிறாங்க. அது தப்பு. எங்க அம்மாதான். எனக்கு மூணு வயசு ஆனதுல இருந்து விளக்குமாத்தை எடுத்துக்கிட்டு வீட்டைச் சுத்திச் சுத்தி விரட்டறாங்க. இன்னைக்கு வரைக்கும் ஒரு அடிகூட என் மேல விழுந்ததில்லை. அவங்களால என்னைப் பிடிக்கவே முடியாது."

அந்த அம்மா முதுகு குலுங்குச்சு. அழறாங்கன்னு நினைச்சு எழுந்தேன். அழல. சிரிக்கிறாங்க! மாட்டு வயித்துல நெத்தியை வச்சுக்கிட்டே சிரிக்கிறாங்க.

"பொய்யி! திருட்டுப் பய, என்னமா அளக்கிறான் பாருங்க! என்னால பிடிக்க முடியாதாமே? நான் யாருன்னு நினைச்சான்? இவனைவிட நல்லா ஓடுவேன் நான். பின்பக்கம் கிணத்தடி திரும்பறப்போ அங்க பாசி. வேகமா விரட்டினா வழுக்கி விழுந்துடுவானேன்னு நான்தான் அங்க நின்னுடுவேன். தினமும் அங்கயே நின்னுடுவேன். இவன் என்னவோ ஜெயிச்சுட்டோம்னு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டுப் பல்லைக் காட்டுவான். நான் விட்டுக் கொடுத்தேன் டீச்சர். பதினாலு வருஷமா விட்டுக் கொடுத்திருக்கேன். ஊரெல்லாம் படிக்கிற தாள்ல இப்படிச் சொல்லி வச்சிருக்கானே!"

கறக்கறது இன்னும் வேகமாச்சு. வாளியில நுரை மேல வந்துடுச்சு.

"இதுக்குப் பதில் போடணும். போடுவீங்களா, மாட்டீங்களா?"

"போடறேன் அக்கா. நீங்க சொல்றதை அப்படியே போடறேன்."

"பிடிக்க முடியாம இல்லை, விழுந்துடப் போறானேன்னு விட்டேன்னு போடுங்க. கிணத்தடியையும் போடுங்க. எப்போ வரும்?"

"ரெண்டு வாரம் ஆகும்."

"வரட்டும், வரட்டும். எனக்கு எழுத்துத் தெரியாதுன்னுதானே இந்தத் துள்ளு? தாள் வந்ததும் அவனையே உக்கார வச்சு, வாய் விட்டுப் படிச்சுக் காட்டச் சொல்..."

கை நின்னுடுச்சு. வாளியில விழுந்துக்கிட்டிருந்த சத்தம் நின்னுடுச்சு. சொல்ல வந்த வார்த்தையை வாயிலேயே வச்சுக்கிட்டு, அந்த அம்மா முதல் தடவையா என் பக்கம் திரும்பினாங்க. நேத்து காலையில இருந்து எல்லாரும் சொன்னது, டாக்டர் சொன்னது, நான் சொன்னது, எதுவும் அவங்களுக்குக் கேட்டிருக்கல. இப்போ அவங்க சொன்னது அவங்களுக்கே கேட்டுடுச்சு.

"டீச்சர்"னாங்க. "டீச்சர், இனிமே எனக்கு யாரு படிச்சுக் காட்டுவா?"

நான் பாய்ஞ்சு போய் அவங்களைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். முக்காலி சாஞ்சு, வாளி உருண்டு, கறந்த பால் அத்தனையும் எங்க ரெண்டு பேர் காலடியில ஓடிச்சு. முன்வாசல்ல உக்காந்திருந்தவங்க எல்லாம் அந்தச் சத்தம் கேட்டு ஓடி வந்தாங்க.